வாசகர் எங்கே கோபப்படுவார்?

கேள்வி: வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதி வருகிறேன். மொத்தம் 30 அத்தியாயங்கள், 14 வெளிவந்துவிட்டன. அண்ணன் சிறையிலிருந்து வீடு திரும்புகிறான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன தம்பி அதே வீட்டில் இருக்கிறான். அந்தச் சாட்சி பொய் என்பதை 12ஆம் அத்தியாயத்தில் உடைத்தேன். வாசகர்கள் தம்பி மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்மாவைத் திட்டின! 'அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். 22ஆம் அத்தியாயத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் இருக்கிறது: தம்பியைப் பொய் சொல்லச் சொன்னதே அண்ணன்தான். இதை இரண்டு வாசகர்கள் இப்போதே ஊகித்து எழுதிவிட்டார்கள். வாசகர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே கணிக்க வழி உண்டா? திருப்பத்தை மாற்றிவிடலாமா? எத்தனை அத்தியாயங்களை எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது? 12ஆம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். வாசகர் பாராட்டுவாரா, திட்டுவாரா என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. தொடர்கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களைப் போன்ற ஆசிரியர்களிடமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கணிக்கலாம். கடைசி வரியைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மூடி வைக்கும்போது வாசகர் மனத்தில் எந்தக் கேள்வி நின்றுகொண்டிருக்கும் என்பதைக் கணிக்கலாம். இதற்குப் பயிற்சி போதும்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தேன். தம்பியின் ஒப்புதல் ஏறக்குறைய இரண்டு பக்கம் ஓடுகிறது. ஏன் பயந்தான், கூண்டில் ஏறியபோது கால் எப்படி நடுங்கியது, அன்றிரவு ஏன் தூங்கவில்லை என்று எல்லாவற்றையும் அவனே சொல்லிவிடுகிறான். அழுதும் விடுகிறான். வாசகர் செய்வதற்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. குற்றம், காரணம், வருத்தம் மூன்றையும் நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு, 'தொடரும்' போடுவதற்குச் சில வரிகள் முன்னால், அந்த மூன்று சொற்கள் வருகின்றன. அம்மா எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்? அவளுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தாளா? இவற்றுக்கு அத்தியாயத்தில் விடை இல்லை. பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதுபோல வாசகர் ஏழு நாளும் அங்கேயே போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

இது புத்தகமாக இருந்திருந்தால் இந்தக் கோபமே வந்திருக்காது. பக்கத்தைத் திருப்பியதும் அடுத்த காட்சி வந்து அந்த வரியை மூடியிருக்கும். தொடர்கதையில் இடைவெளியும் சேர்ந்து கதை எழுதுகிறது. அதுவும் உங்களைக் கேட்காமல் எழுதுகிறது. விளக்கம் கிடைத்த பாத்திரத்தை வாசகர் மன்னிக்கத் தொடங்கிவிடுவார். விளக்கம் கிடைக்காத பாத்திரத்தைப் பற்றித் தானாகவே ஒரு விளக்கம் தயாரிப்பார். அவர் தயாரிப்பது பெரும்பாலும் மோசமான விளக்கமாகத்தான் இருக்கும். ஆகவே 'இந்த அத்தியாயத்தில் யார் பெரிய தப்பு செய்தார்கள்' என்று பார்த்துக் கணிக்காதீர்கள். யாருடைய செயல் விளக்கமில்லாமல் நிற்கிறது, அது கடைசி அரைப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் இறுதியில் கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது நினைவிருக்கலாம். தொடர் முடிந்துவிட்டது, ஆனால் இன்னாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். இத்தனை ஆண்டு வாரந்தோறும் படித்தவர்களுக்கு அந்த நாவல் நன்றாக இருந்ததா இல்லையா என்பதைவிட, மூடாமல் விட்ட கதவுகள்தான் உறுத்தின. மூடாமல் விட்டது கல்கியின் தேர்வு. அது வேறு விஷயம். வாசகரின் மனம் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அந்த முடிவுரையைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கென்ஸ் தன் தொடர்கதையின் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்வார். வலப்பக்கம் அத்தியாயங்களின் திட்டம். இடப்பக்கம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கேள்விகள்: இந்தப் பாத்திரத்தை இப்போது கொண்டுவரலாமா, இந்த ரகசியத்தை இந்தப் பகுதியில் உடைக்கலாமா என்று. அவற்றின் எதிரிலேயே பிறகு 'ஆம்', 'இல்லை', 'இப்போது வேண்டாம்' என்று விடையும் எழுதிவைப்பார். அந்தத் தாள்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் அதில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள், வாசகர் பத்தி என்று.

அதில் 'வாசகர்கள் நெகிழ்ந்துபோவார்கள்' என்று எழுதுவதில் பயனில்லை. ஒருவர் நெகிழ்ந்தால்கூட நீங்கள் ஜெயித்ததாகிவிடும். தோற்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் விழுக்காடாகப் போடுங்கள். 'வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மாவைப் பற்றியிருக்கும்: 80 விழுக்காடு.' 'அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று புதிதாக மூன்று பேராவது எழுதுவார்கள்: 40 விழுக்காடு.' 'வழக்கறிஞர் வரும் காட்சியை ஒருவரும் குறிப்பிட மாட்டார்கள்: 70 விழுக்காடு.' மூன்றாவது வகையை விட்டுவிடாதீர்கள். எதைப் பற்றி மௌனமாக இருப்பார்கள் என்று கணிக்கத் தெரிந்தால், எந்தக் காட்சியை வெட்டலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அத்தியாயம் அச்சுக்குப் போவதற்கு முன் தாளை எழுதி, தேதி போட்டு மூடி வையுங்கள். வெளிவந்த பத்தாம் நாள் பிரியுங்கள். முன்பே பிரித்தால் முதலில் வந்த இரண்டு கடிதங்களின் சூட்டில் உங்கள் கணிப்பையே மறந்துபோவீர்கள். 'நான் இதைத்தானே நினைத்தேன்' என்று மனம் பிறகு பொய்ச் சாட்சி சொல்லும்.

மதிப்பெண் போட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950இல் மழைக் கணிப்புகளைச் சோதிக்கச் சொன்னது. 70 விழுக்காடு என்றால் 0.7. சொன்னது நடந்தால் 1இலிருந்து 0.7ஐக் கழித்து, வரும் 0.3ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.09. நடக்காவிட்டால் 0.7ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.49. எல்லாக் கணிப்புகளுக்கும் இப்படிப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். குறையக் குறைய நல்லது. எதைக் கேட்டாலும் 'பாதிக்குப் பாதி' என்று சொல்பவருக்கு எப்போதும் 0.25 வரும். உங்கள் சராசரி அதற்கு மேல் போனால், யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'பாதிக்குப் பாதி' என்று எழுதுகிறவர் உங்களைவிடத் தேவலாம் என்று பொருள். சிரிப்பாக இருந்தாலும், எழுத்தாளருக்குத் தன் வாசகரைப் பற்றி இருக்கும் அளவுக்கு மீறிய நிச்சயத்தைக் குறைக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. மிகையான நிச்சயம்தான் பலரிடமும் நான் காணும் நோய். 'தம்பியைத்தான் திட்டுவார்கள்: 95 விழுக்காடு' என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்கே 0.90 வந்திருக்கும்.

கடிதங்களைப் படிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். திட்டுகிற கடிதங்களை இரண்டாகப் பிரியுங்கள். 'அவள் எப்படி அப்படிச் செய்யலாம்?' என்று கேட்பவை ஒரு கட்டு. 'நீங்கள் எப்படி அப்படி எழுதலாம்?' என்று கேட்பவை இன்னொரு கட்டு. முதல் கட்டு எவ்வளவு தடித்தாலும் கவலைப்பட வேண்டாம். அம்மாவை உயிருள்ள மனுஷியாக நம்பியதால்தான் அவள்மேல் கோபம் வருகிறது. இரண்டாவது கட்டில் நாலைந்து கடிதம் சேர்ந்தாலே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அங்கே வாசகர் கதைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். உங்களுக்கு இதுவரை வந்தவற்றில் இரண்டாம் வகை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள்.

கடிதம் எழுதுகிறவர்கள் வாசகர்களில் ஒரு துண்டுதான் என்பதையும் மறக்கக் கூடாது. அலுத்துப்போனவர் கடிதம் எழுதுவதில்லை, பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரொலோப் தன் சுயசரிதையில் சொல்லும் கதை இது. மன்றம் ஒன்றில் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பாதிரியார்கள் இருவர் கையில் பத்திரிகையோடு அவருடைய நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த பாத்திரங்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள், அதிலும் மிஸஸ் பிரௌடியின் தொல்லை தாங்கவில்லை என்றார்கள். இவர் எழுந்து போய், 'நான்தான் அந்தக் குற்றவாளி. வீட்டுக்குப் போய் இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன்' என்றார். கொன்றும்விட்டார். அவளைப் பற்றி எழுதுவதில் தனக்கு எத்தனை இன்பம் இருந்தது என்பதை நினைத்துச் சில வேளைகளில் அந்தச் செயலுக்காக வருந்தியதுண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார். காதில் விழுந்தது இரண்டே பேரின் குரல்.

ஜப்பானில் 1968 முதல் வரும் 'ஷோனென் ஜம்ப்' சித்திரக்கதை இதழ் இந்தச் சிக்கலை வேறு வழியில் சமாளித்தது. இதழோடு ஓர் அஞ்சலட்டை வைத்து, பிடித்த மூன்று தொடர்களைக் குறிக்கச் சொன்னார்கள். தொடர்ந்து கீழே கிடக்கும் தொடர் நிறுத்தப்படும். கணிப்பதை விட்டுவிட்டு அளந்துவிடுவது என்ற முடிவு அது. கொடுமையான முறைதான், ஆனால் நேர்மையானது. அதிலும் அட்டையை நிரப்பி அனுப்புகிறவரின் குரல் மட்டுமே கேட்கும். எந்தத் தொடர் பிடித்தது என்று தெரியுமே தவிர, ஏன் என்று தெரியாது.

அத்தியாயத்தை முன்கூட்டியே நாலு பேருக்குப் படிக்கக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கொடுங்கள். ஆனால் 15, 16, 17 மூன்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது புத்தகத்தை, தொடரை அல்ல. ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்கச் செய்து, அடுத்ததைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். 'அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? யார் சொல்வதை நம்பவில்லை? எந்த இடத்தில் கண்ணை வேகமாக ஓட்டினீர்கள்?' இந்த மூன்று போதும். ஒரு வாரம் கழித்தும் எந்த வரி நினைவிருக்கிறது என்று கேட்டால் இன்னும் நல்லது. 12ஆம் அத்தியாயத்துக்கு இப்படி ஒருவரைக் கேட்டிருந்தால் அம்மாவின் முகம்தான் முதலில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கணினியிடம் கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். கேட்டால் சளைக்காமல் பத்துவிதமாகச் சொல்லும், நீங்கள் யோசிக்காத ஒன்றிரண்டும் அதில் இருக்கும். ஆனால் ஒரு வாரம் காத்திருந்து எரிச்சலடைந்தவரின் இடத்தை அது பிடிக்காது.

இனி 22ஆம் அத்தியாயம். இரண்டு பேர் ஊகித்துவிட்டார்கள் என்பதற்காகத் திருப்பத்தை மாற்றாதீர்கள். ஒருவர்கூட ஊகிக்க முடியாத திருப்பம் என்றால் நீங்கள் தடயமே விடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட திருப்பம் வரும்போது கோபம் பாத்திரத்தின் மேல் விழாது, உங்கள் மேல்தான் விழும். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. 2011இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது வாசகர்கள் அவற்றைச் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். சிறுகதைக்குப் பொருந்துவது 30 வாரத் தொடருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊகித்துவிட்டார்களே என்று பதறத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஊகித்தவர் தான் சரியா என்று பார்க்கவே 22ஆம் வாரம் வரை உங்களோடு வருவார்.

எனக்கு உறுத்துவது வேறு. முதல் 14 அத்தியாயங்களில் அண்ணனின் மனத்துக்குள் நீங்கள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? 12ஆம் அத்தியாயத்திலேயே ஓரிடத்தில், தம்பி பேசி முடித்ததும் 'அவனுக்குள் ஏதோ இடிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்லச் சொன்னதே அவன் என்றால் அங்கே இடிவதற்கு என்ன இருக்கிறது? வெளியிலிருந்து பார்த்து, 'அவன் அசையாமல் நின்றான்' என்று எழுதியிருந்தால் 22ஆம் வாரம் வாசகர் திரும்பிப் போய்ப் படித்து, 'அடடா, அப்போதே!' என்று மகிழ்ந்திருப்பார். மனத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அங்கே இருந்த பெரிய உண்மையை மட்டும் மறைத்தால் அவர் ஏமாந்ததாக உணர்வார். நான் சொன்ன இரண்டாவது கட்டு அங்கேதான் தடிக்கும். வெளிவந்ததை மாற்ற முடியாது. ஆனால் அந்த இடிவுக்கு வேறு காரணம் இருந்தது என்று காட்டலாம். ரகசியத்தைக் காப்பதாகத் தம்பி கொடுத்த வாக்கு உடைந்ததால் இடிந்தது என்று 16 அல்லது 17இல் ஒரு குறிப்பு வைத்தால் போதும். இனி 22 வரை அண்ணனை வெளியிலிருந்து மட்டுமே எழுதுங்கள்.

இன்னொன்று. அண்ணன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. 22ஐப் படித்து முடிக்கும் வாசகரின் கேள்வி 'யாருக்காக?' என்பதாகத்தான் இருக்கும். இதை 90 விழுக்காடு என்று எழுதி வைக்கத் தயார். நீங்கள் விடை தராமல் 'தொடரும்' போட்டால் அந்த வாரமே அவர்கள் அம்மாவின் பெயரை எழுதிவிடுவார்கள். அவள்தான் விடை என்றால் உங்கள் வாசகர்கள் உங்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள். அவர்கள் கோபத்தை வீணாக்காமல் 23இல் அவளைப் பேச வையுங்கள். அவள் விடையில்லை என்றால் அவளுடைய அந்த முகத் திருப்பலுக்கு 20க்குள் வேறு கணக்கு தீர்த்துவிட வேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் 15ஐ எழுதத் தொடங்காதீர்கள்.

வாசகருக்காகக் கதையை மாற்றவே கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். டிக்கென்ஸ் 1840இல் வார இதழ் ஒன்று தொடங்கினார். உதிரிக் கதைகளும் குறிப்புகளுமாக நடத்துவது திட்டம். முதல் இதழ் 70,000 பிரதி அளவுக்கு விற்றது. தொடர்கதை இல்லை என்று தெரிந்ததும் விற்பனை சரிந்தது. அதிலிருந்த சிறு கதை ஒன்றை அவர் நெடுந்தொடராக நீட்டினார், விற்பனை ஒரு லட்சத்தை எட்டியது. மூன்றாண்டு கழித்து வேறொரு மாதத் தொடர் 20,000 சொச்சத்தில் நின்றபோது, கதாநாயகனைத் திடீரென்று அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தார். அது 23,000ஐத் தாண்டவில்லை. முதல் தடவை வாசகரிடம் தொடர்கதைக்கான பசி இருந்தது, அவர் அதற்கு விடை கொடுத்தார். இரண்டாவது தடவை கதாநாயகன் அமெரிக்கா போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அவரே மாற்றிய இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு, அது வேறு ரகம். 1849 டிசம்பரில், உயரம் மிகக் குறைந்த ஒரு பெண், ஓடிக்கொண்டிருந்த தொடரில் வரும் ஒரு பாத்திரம் தன்னைப் போலவே வரையப்பட்டிருக்கிறது, அது தன்னைப் புண்படுத்துகிறது என்று எழுதினார். டிக்கென்ஸ் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாத்திரத்துக்குத் தான் வைத்திருந்த திட்டத்தையே மாற்றி, அவளைப் பின்னால் நல்லவளாகக் கொண்டுவந்தார். அப்படி ஒரு கடிதம் வந்தால் விழுக்காடு போடாதீர்கள், எண்ணிக்கையும் பார்க்காதீர்கள். ஒன்றே போதும்.

கடைசிக் கேள்வி, கையிருப்பு. மூன்று அத்தியாயம் வையுங்கள். முழுத் தொடரையும் எழுதி முடித்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிம்மதியான வழி, ஆனால் 12ஆம் அத்தியாயத்தில் உங்களுக்கு நடந்ததுபோல ஒன்று நடந்தால் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க மட்டுமே முடியும். கையிருப்பே இல்லாமல் வாராவாரம் எழுதுகிறவர் நேற்று வந்த கடிதத்துக்கு இன்று பதில் எழுதுவார், அதைக் கதை என்று நினைத்துக்கொள்வார். மூன்று இருந்தால், கடிதங்கள் வந்து, சூடு தணிந்து, பத்தாம் நாள் தாளைப் பிரித்துப் பார்த்த பிறகும் எழுதாத அத்தியாயம் ஒன்று முன்னால் இருக்கும். உங்கள் பத்திரிகை ஓவியருக்கு எவ்வளவு முன்னதாகப் பிரதி வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டுவிட்டு, அதோடு இந்த மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.